இரத்தம் கலப்பதில்லை: தாயிடமிருந்து சேய்க்குச் சத்து செல்லும் வழி

'தொப்புள்கொடி உறவு' என்ற தொடரை நம் மேடைகளில் கேட்காத ஆண்டே இல்லை. அன்னையர் தினப் பேச்சுப் போட்டி என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், "தாயின் இரத்தமே நம் உடலில் ஓடுகிறது" என்று முழங்குவோம். கைத்தட்டலும் கிடைக்கும். உணர்ச்சியில் குறையில்லை; உடலியலில்தான் சற்றுத் தவறு. கருப்பையில் இருக்கும் பிள்ளையின் உடலுக்குள் தாயின் இரத்தம் ஓடுவதில்லை. இருவர் இரத்தமும் மிக அருகருகே, நூலிழையிலும் மெல்லிய ஒரு தடுப்பின் இரு பக்கங்களிலும் ஓடுகின்றன. ஓரிரு அணுக்கள் வழிதவறிக் கசிவதுண்டு. அதைக் கலப்பு என்று சொல்ல முடியாது. தாய்க்கு ஒரு வகை இரத்தமும் வயிற்றுப் பிள்ளைக்கு வேறு வகை இரத்தமும் இருக்க முடிவதும் இதனால்தான்.

அப்படியானால் தாய் உண்ட சோறும் பருப்பும் மீனும் கீரையும் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன? இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் நஞ்சுக்கொடி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் தொப்புள்கொடியையும் நஞ்சுக்கொடியையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் தொப்புளில் தொடங்கும் கயிறு போன்ற பகுதி தொப்புள்கொடி. நிறைமாதத்தில் அது ஏறத்தாழ 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அந்தக் கயிற்றின் மறுமுனையில், கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டு வடிவ உறுப்பே நஞ்சுக்கொடி. "பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சு விழவில்லையே" என்று அந்தக் காலத்துப் பாட்டிமார் பதறியது இதைப் பற்றித்தான். இலங்கைப் பாடநூல்கள் இதனைச் 'சூல்வித்தகம்' என்கின்றன. நம் மலாய் நண்பர்கள் 'உரி' என்பார்கள்; பிள்ளை பிறந்த பிறகு அதைக் கழுவித் துணியில் சுற்றி மரியாதையோடு புதைப்பது அவர்கள் வழக்கம். ஊட்டி வளர்க்கும் உறுப்புக்குத் தமிழில் மட்டும் 'நஞ்சு' என்று பெயர் விழுந்தது வேடிக்கைதான். ஆனால் அந்தப் பெயர் பொருந்திப்போகும் ஒரு துயரக் கதையும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

இரத்தம் கலப்பதில்லை என்பது நெடுங்காலம் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. 1754ஆம் ஆண்டு இலண்டனில், நிறைமாதத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் கருப்பை இரத்தக் குழாய்களுக்குள் காலின் மெக்கன்சி என்ற மருத்துவர் உருக்கிய மெழுகைச் செலுத்தினார். ஜான் ஹண்டர் அதை அறுத்துப் பார்த்தார். தாயின் குழாய்கள் வழியாகச் சென்ற மெழுகு நஞ்சுக்கொடிக்குள் வந்து நிரம்பியிருந்தது. பிள்ளையின் குழாய்களுக்குள் அது நுழையவே இல்லை. ஜானின் அண்ணன் வில்லியம் ஹண்டர் 1774இல் வெளியிட்ட கருப்பை உடற்கூற்றுப் படநூல் மருத்துவ வரலாற்றில் இன்றும் போற்றப்படுகிறது. இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று அண்ணன் தம்பிக்கிடையே மூண்ட சச்சரவு 1780இல் ராயல் சொசைட்டி வரை சென்றது. தாய் சேய் உறவை விளக்கிய ஆய்வு உடன்பிறந்தோர் உறவைக் குலைத்துவிட்டது!

சதுப்புநில வேர்கள்

நிறைமாத நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவும் கொண்டது. சாப்பாட்டுத் தட்டு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள்கொடி வழியாக வரும் பிள்ளையின் இரத்தக் குழாய்கள் இந்தத் தட்டுக்குள் நுழைந்ததும் மரக்கிளைகள்போல் பிரிந்து, பிரிந்து, இறுதியில் எண்ணற்ற நுண்விரல்களாக முடிகின்றன. தாயின் இரத்தம் கருப்பைச் சுவரிலுள்ள தமனிகளிலிருந்து பீறிட்டு வந்து அந்த விரல்களைச் சுற்றித் தேங்கி, பிறகு வடிந்து செல்கிறது.

கோல சிலாங்கூர் பக்கம் சென்றவர்கள் ஆற்றோரச் சதுப்புநில மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தின்போது நீர் வந்து வேர்களைச் சூழ்ந்து நிற்கும், பின் வடியும். சூழ்ந்த நீர் அப்படியே மரத்துக்குள் போய்விடுவதில்லை. வேர் உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டுத் தனக்கு வேண்டியதை உறிஞ்சுகிறது. நஞ்சுக்கொடியின் விரல்கள் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆற்றில் ஒரு நாளைக்கு இரு முறை நடக்கும் ஏற்றவற்றம் இங்கே ஒரு நிமிடத்திற்குள் மூன்று நான்கு முறை நடந்து முடிகிறது. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை தாயின் இரத்தம் இங்கே பாய்கிறது. விரல்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 11 முதல் 13 சதுர மீட்டர் வரும். நம் விடுதி அறை ஒன்றின் தரையை அது மூடிவிடும்.

விரல்களைப் போர்த்தியிருக்கும் படலம் விந்தையானது. நம் தோலில், குடலில் எல்லாம் செங்கற்களை அடுக்கியதுபோல் உயிரணுக்கள் தனித்தனியாக நிற்கும். இடையே இடுக்குகள் இருக்கும். நஞ்சுக்கொடியின் மேற்படலத்தில் அணுக்கள் தமக்கிடையே உள்ள சுவர்களை இழந்து ஒன்றோடொன்று உருகி, ஒரே விரிப்பாக மாறியிருக்கின்றன. இடுக்கு இல்லாததால் திருட்டுத்தனமாக எதுவும் நுழைய முடியாது. பெரும்பாலான சத்துகள் அந்த விரிப்பிலுள்ள கதவுகளைத் தட்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்தக் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி.

ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் இந்த ஏற்பாடு இயங்கத் தொடங்குவதே இல்லை. அப்போது தாயின் தமனி முனைகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றன. கருப்பையின் உட்சுவரிலுள்ள சுரப்பிகள் சுரக்கும் நீரே கருவுக்கு உணவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் பர்ட்டனும் அவருடைய குழுவினரும் 2002இல் இதனைத் தெளிவுபடுத்தினர். மசக்கையால் எதையும் வாயில் வைக்க முடியாமல் தவிக்கும் பெண்களுக்கு இது ஆறுதலான செய்தி. பன்னிரண்டாவது வாரத்தில் சிசுவின் எடை சில பத்துக் கிராம்தான். அதற்குத் தேவைப்படும் உணவும் மிகச் சிறிது. (தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும் என்பது வேறு செய்தி.) இதில் ஃபோலிக் அமிலம் மட்டும் விதிவிலக்கு. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திருக்காது. ஆகவேதான் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே உட்கொள்ளச் சொல்கிறார்கள்.

இறக்கத்தில் ஓடும் சர்க்கரை

சிசுவின் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அதற்குரிய கதவு மிக எளிமையானது. தாயின் பக்கம் சர்க்கரை அதிகம், பிள்ளையின் பக்கம் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல் அது ஓடுகிறது. வழியில் நஞ்சுக்கொடியும் தன் உழைப்புக்குக் கூலியாக ஒரு பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பிள்ளையின் இரத்தத்திலும் ஏறும்.

நஞ்சுக்கொடி இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைத் தணிக்கும் சுரப்புநீர்களை அது தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. உணவுக்குப் பின் தாயின் இரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும். பிள்ளைக்குப் போதிய நேரம் கிடைக்கும். அடுக்களையில் யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளைக்கென்று ஒரு கரண்டி எடுத்து வைப்பது போன்ற செயல் இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதனைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதபோது வருவதே கர்ப்பகால நீரிழிவு.

சர்க்கரை கடக்கும் இந்தத் தடுப்பைத் தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே மிகுந்து வரும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையே தன் சிறு கணையத்தால் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கும். பிள்ளை கொழுத்து வளரும். பார்க்க 'கொழுகொழு' என்று இருந்தாலும் பிறப்பு கடினமாகிறது. தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிறந்ததும் இன்னோர் ஆபத்து. தொப்புள்கொடியை வெட்டியவுடன் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. பிள்ளையின் கணையமோ பழைய வேகத்தில் இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இந்தத் தொடர்பை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் விளக்கினார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வுகளில் மூவினத்தாருள் நீரிழிவு விகிதம் தொடர்ந்து மிகுதியாகக் காணப்பட்டது நம் இந்தியரிடையேதான். சிங்கப்பூரில் சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைக் கொண்டு 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' என்னும் நீண்டகால ஆய்விலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது தெரியவந்தது. வருங்காலத்தில் பிள்ளை பெறவிருக்கும் நம் மாணவியருக்கும், அவர்களைக் கைப்பிடிக்கவிருக்கும் மாணவர்களுக்கும் இது தொலைதூரச் செய்தியன்று.

கருவுற்ற பெண் வீட்டுக்கு வந்ததும் அத்தையும் சித்தியும், "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்மா" என்று தட்டில் மேலும் ஒரு கரண்டிச் சோறு வைப்பது நம் அன்பின் இலக்கணம். கணக்குப் பார்த்தால், கருவுற்ற பிற்பகுதி மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 450 கிலோகலோரிதான். இரண்டு தோசையும் ஒரு கோப்பைப் பாலும் போதும். அதே அத்தை, இன்சுலின் ஊசி போடச் சொன்னால், "ஊசி மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று பயமுறுத்தவும் கூடும். பிள்ளைக்குப் போகாத மருந்து என்பதால்தான் மருத்துவர்கள் இன்சுலினைத் தயங்காமல் தருகிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் காக்கவைக்கும் சோதனைக்கு முகம் சுளிக்காமல் போய்வருவது நல்லது.

மேட்டில் ஏறும் சத்துகள்

புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. பருப்பும் முட்டையும் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் பிள்ளையின் இரத்தத்தில்தான் அதிகம். தாயின் இரத்தத்தில் குறைவு. அதாவது நஞ்சுக்கொடி அவற்றைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கிறது. ஏற்றம் இறைக்க ஆற்றல் வேண்டும். நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைந்தால் இந்த இறைப்பு தளர்ந்து, தாய் நன்றாகச் சாப்பிட்டும் பிள்ளை மெலிந்து பிறப்பதுண்டு. அப்போது, "நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று பெண்ணைக் குறைசொல்வது அநியாயம்.

சுண்ணாம்புச் சத்தும் மேட்டில் ஏறுவதே. பிள்ளையின் எலும்புக்கு ஏறத்தாழ 30 கிராம் தேவை. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் செல்கிறது. அதற்கு ஈடாகத் தாயின் குடல் உணவிலிருந்து உறிஞ்சும் சுண்ணாம்பின் அளவைக் கர்ப்பகாலத்தில் ஏறத்தாழ இரு மடங்காக்கிக்கொள்கிறது. கொழுப்பு அப்படியே கடக்காது. நஞ்சுக்கொடி அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கியே அனுப்புகிறது. அவற்றுள்ளும் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய மீன்கொழுப்பு வகைகளுக்கு முதலிடம் தருகிறது.

இரும்புச் சத்துக்கு வருவோம். தாயின் இரத்தத்தில் இரும்பு தனியே அலைவதில்லை. ஒரு புரதத்தின் முதுகில் ஏறிப் பயணம் செய்கிறது. நஞ்சுக்கொடியின் படலத்தில் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. புரதத்தோடு இரும்பை உள்ளே இழுத்து, இரும்பை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டு, புரதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரும்பு குறைந்தால் கொக்கிகளின் எண்ணிக்கை கூடும். ஒருவழிப் பாதை இது. போன இரும்பு தாய்க்குத் திரும்பாது.

விளைவு என்னவென்றால், தாயிடம் கையிருப்பு குறையும்போதும் நஞ்சுக்கொடி தன் பங்கை முடிந்தவரை வாங்கிக்கொண்டே இருக்கும். "பிள்ளை நன்றாக வளர்கிறது, அப்படியென்றால் அம்மாவுக்கும் குறைவில்லை" என்று எண்ணுவது தவறு. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. அதில் 300 மில்லிகிராம் அளவு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கிய தாய், பிள்ளைப்பேற்றின்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்கமாட்டாள். தாயின் பற்றாக்குறை கடுமையாகிவிட்டால் கொக்கிகளாலும் காப்பாற்ற முடியாது. பிள்ளையும் குறைந்த இருப்போடு பிறக்கும்.

அரசாங்கக் கிளினிக்குகளில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. "அதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்பார்கள். மாத்திரையால் மலம் கறுப்பது உண்மை, பிள்ளை கறுப்பதில்லை. இதன் மறுபக்கம் குங்குமப்பூ. பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று விலை உயர்ந்த அந்தச் சிறு டப்பியை வாங்கி வருகிறோம். தோலின் நிறம் பெற்றோரின் மரபணுவில் எழுதப்பட்டது. அதை மாற்றும் கதவு எதுவும் நஞ்சுக்கொடியில் இல்லை. கறுப்பு என்றால் ஏன் இவ்வளவு பயம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். மாத்திரையைத் தே தாரேயோடு விழுங்குவதுதான் உண்மையில் கவலைப்படவேண்டிய பழக்கம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பிறகு ஓரிரு மணி நேரம் பொறுத்துத் தேநீர் குடிக்கலாம். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ உடன் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

கதவை ஏமாற்றிய நஞ்சு

மதுவுக்கும் புகையிலையின் நிக்கோட்டினுக்கும் கதவே தேவையில்லை. படலத்தினூடே நேராகக் கடந்துவிடுகின்றன. சில நஞ்சுகளோ, திறப்பதற்கென்றே இருக்கும் கதவைத் தட்டி மரியாதையாக உள்ளே போகின்றன. இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் ஜப்பானின் மினமாத்தா.

அங்கே சிசோ என்ற இரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் கலந்துவந்தது. மீன் உண்ட மக்களுக்கு நரம்பு நோய் கண்டது. 1956இல் அது அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதே காலத்தில் அவ்வூரில் கைகால் முடங்கிய குழந்தைகள் பலர் பிறந்தனர். அவர்களுடைய தாய்மார்களுக்கோ நோயின் அறிகுறி மிகக் குறைவு. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. எனவே இது வேறு ஏதோ நோய் என்றார்கள். தாய்மார்கள் ஒப்பவில்லை. தாங்கள் தின்ற மீனின் விஷத்தைப் பிள்ளை வாங்கிக்கொண்டது என்றே அவர்கள் கருதினர். அவர்கள் சொல்லுக்குக் காதுகொடுத்த இளம் மருத்துவர் ஹராதா மசாசூமி அது உண்மை என்று நிறுவ உழைத்தார். 1962இல் அது பிறவி மினமாத்தா நோய் என்று ஏற்கப்பட்டது.

ஜப்பானியர் பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு பெட்டியில் வைத்துப் பாதுகாப்பார்கள். நம்மவர் சிலர் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதுபோல. ஹராதா அவ்வாறு வீடுகளில் இருந்த கொடிகளைத் திரட்டினார். 1975இல் வெளியான ஆய்வில் அவற்றிலிருந்த பாதரசம் அளந்து காட்டப்பட்டது. அன்புக்காகப் பூட்டிவைத்த பொருள், ஆண்டுகள் கழிந்து சாட்சியாக வந்து நின்றது.

கரிமப் பாதரசம் உடலிலுள்ள ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டால், மெத்தியோனின் என்ற சத்தான அமினோ அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. புரதத்தை மேட்டுக்கு இறைக்கும் கதவு, தெரிந்த முகம் என்று எண்ணித் திறந்துவிடுகிறது. இதனால் பிள்ளையின் இரத்தத்தில் பாதரசம் தாயினுடையதைக் காட்டிலும் கூடுதலாகச் சேர்கிறது.

இதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. மூளைக்கு வேண்டிய கொழுப்பு மீனில்தான் இருக்கிறது. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், பெரிய மீன்களைத்தான் தவிர்க்கவேண்டும். நெத்திலியும் கெம்போங்கும் மத்தியும் நல்லவை, விலையும் மலிவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது நம் பழைய பழக்கம். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சுறாவை விட்டுவிடலாம். மற்ற மீன்களில் செய்த புட்டும் சுவைதான்.

பிள்ளை பிறந்த நொடியில் நஞ்சுக்கொடியின் வேலை முடிந்துவிடுவதில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான அந்தத் தட்டுக்குள் அப்போதும் பிள்ளையின் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தங்கியிருக்கும். கொடியை உடனே இடுக்கி போட்டு வெட்டுவது முன்னாள் மருத்துவமனை வழக்கம். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருந்தால் 80 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தம் பிள்ளைக்கு வந்து சேரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு என்பதால், இந்த இரத்தத்தோடு வரும் இரும்பு குழந்தையின் முதல் ஆறு மாதங்களுக்குக் கைகொடுக்கும். குழந்தைக்கு உடனடி மருத்துவ உதவி தேவைப்படாத நிலையில் இப்படிக் காத்திருக்கலாம். இதைப் பற்றிப் பேறுகாலத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளலாம். கணவர் கேட்டாலும் சரிதான். பிறகு கொடியின் துடிப்பு அடங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுக் கழன்று வெளியே வரும். தாதி அதைத் தட்டில் விரித்து, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.